ஐந்தாண்டுத் திட்டம்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார். ஒரு கையில் மஞ்சள் பை நிறைய மாம்பழம், இன்னொரு கையில் கோடு போட்ட புது நோட்டு. பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க். சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள்.

"எங்க வம்சத்துல கோர்ட்டு வாசப்படிய மிதிச்சது நான் ஒருத்தன்தான் சார். அதுவும் செக் கேஸுல, கூண்டுல நின்னேன். பிள்ளைக்கு நீங்கதான் ஒரு திட்டம் போட்டுத் தரணும். மொத வருசம் என்ன படிக்கணும், ரெண்டாம் வருசம் என்ன படிக்கணும்னு வரிசையா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அவ அப்படியே படிச்சிருவா."

ஐந்து வருடப் படிப்பு, அதற்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம். தில்லியில் திட்டக் குழுவையே கலைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது திட்டம் 2017-இல் முடிந்ததோடு அந்தக் கடைக்கும் ஷட்டர் விழுந்துவிட்டது. அண்ணாச்சிதான் இன்னும் நம்புகிறார். ஒரு வாரம் டயம் கொடுங்கள் என்றேன். இருபத்தாறு வருடமாக வாய்தா கேட்டே பழகிய வாய்.

அன்று அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சார், கோர்ட்டுக்கு எத்தனாவது வருஷம் போவோம்?"

நோட்டைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டேன். கீழே எழுதியதை அண்ணாச்சியிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. எழுதியது வீணாக வேண்டாமே என்று பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதல் வருடம் நீ படிக்கப்போவது பெரும்பாலும் சட்டமில்லை அம்மா. அரசியல் அறிவியல், சமூகவியல், வரலாறு, ஆங்கிலம் என்று பி.ஏ.வின் பங்கை முதலில் கழிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். சமூகம் தெரியாமல் சட்டம் படித்தால் என்ன ஆகும் என்பதற்கான உதாரணங்கள் எங்கள் பார் அசோசியேஷன் ஹாலில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சமூகத்தைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டுமல்லவா? அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று ஒருவர் வருவார். பெயரில் மட்டும் கௌரவம். போன மாதச் சம்பளம் வராத கவலையில் இருக்கும் அவரே பின்னால் தொழிலாளர் நலச் சட்டமும் நடத்துவார். அதைக் கவனித்துக் கேள். உன் ஐந்து வருடத்தில் கேட்கப்போகும் ஒரே செயல்முறை வகுப்பு அதுவாகக்கூட இருக்கலாம்.

வகுப்புக்கு ஒழுங்காகப் போ. ஆசிரியர் வராவிட்டாலும் நீ போ. 70 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்பது இந்திய பார் கவுன்சில் 2008-இல் போட்ட விதி. தக்க காரணம் இருந்தால் 65 வரை மன்னிப்பு, அதாவது கண்டோனேஷன், உண்டு. மாணவர் வராவிட்டால் என்ன செய்வது என்று தசம புள்ளி வரை யோசித்தவர்கள், ஆசிரியர் நியமிக்கப்படாவிட்டால் மாணவர் யாரிடம் கண்டோனேஷன் கேட்பது என்று யோசிக்கவில்லை.

அதே விதிகள் பாடங்களுக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. கட்டாயப் பாடம் இருபது, விருப்பப் பாடம் ஆறு, செயல்முறைப் பாடம் நான்கு. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த முப்பதையும் கரையேற்றும் தோணி ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை நாங்கள் பேர் ஆக்ட் என்போம். பல பேருக்கு அது பேருக்குத்தான். அதை வாங்குகிறவன் அபூர்வம். வாங்குவது கைடு. கைடுக்கும் பொறுமை இல்லாதவனுக்குக் கெஸ் இருக்கிறது: பத்துக் கேள்வி, போன ஐந்து வருடத்துக் கேள்வித்தாளைப் பார்த்து எடுத்தது. "இந்த தடவை ரெஸ் ஜுடிகேட்டா கண்டிப்பா வரும்" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னால் வரும். ஒரு தடவை தீர்ப்பான விஷயத்தை மறுபடி வழக்காகக் கொண்டு வரக் கூடாது என்பதுதான் ரெஸ் ஜுடிகேட்டா. அந்தத் தத்துவம் வருடா வருடம் தவறாமல் மறுபடி மறுபடி கேள்வியாக வருகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கோர்ட்டுக்கு எப்போது?

கடைசி இரண்டு மூன்று வருடத்தில். மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த செயல்முறைப் பாடம் ஒன்று உண்டு, நூறு மார்க். அதில் முப்பது மூன்று மாதிரி வழக்குகளுக்கு. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, போன வாரம் உன்னிடம் லேப்டாப் கடன் வாங்கிய உதவிப் பேராசிரியரைப் பார்த்து "மை லார்ட்" என்று வணங்கி நிற்பாய். (அந்தச் சொல்லே வேண்டாம் என்று பார் கவுன்சில் 2006-இலேயே விதி போட்டாயிற்று. எங்கள் கீழ்க்கோர்ட்டில் நாங்கள் "ஐயா" என்கிறோம், நீதிபதிக்கும் காது கேட்கிறது.) இன்னொரு முப்பது மார்க்தான் முக்கியம். ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு, இரண்டின் விசாரணையையும் கோர்ட்டில் உட்கார்ந்து கவனித்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

இரண்டு வழக்கு. ஐந்து வருடத்தில் இரண்டே இரண்டு. ஆஸ்பத்திரியையே பார்க்காமல் ஒருவனை டாக்டராக்கி, "கடைசியில் இரண்டு நோயாளியை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான், முப்பதுக்கு இருபத்தெட்டு" என்று சான்றிதழ் கொடுத்தால் அவனிடம் நாம் ஊசி போட்டுக்கொள்வோமா?

அந்த இரண்டையாவது பார்க்கிறார்களா என்று கேட்காதே. கேட்டுவிட்டாய் என்றால் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவனின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். அழகான கையெழுத்து, மார்ஜினில் சிவப்பு ஸ்கெட்ச், நாலு பக்கமும் பார்டர். கிரிமினல் வழக்கு: ஒரு கிராமத்தில் வரப்புத் தகராறு, அரிவாள் வெட்டு, ஆள் அந்த இடத்திலேயே சாவு. முதல் சாட்சி இறந்தவரின் தம்பி. மூன்றாம் சாட்சி பிறழ்சாட்சி. படிக்கப் படிக்க எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இதே கொலையை அதற்கு முந்தின வருடம் வேறொரு பெண்ணின் நோட்டில் படித்திருந்தேன். அதற்கும் முன்னால் ஒரு பையனிடம். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்த வழக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தொங்குகிறதாம். விசாரித்த நீதிபதி ஓய்வு பெற்றிருப்பார், குற்றவாளி தண்டனை முடிந்து வெளியே வந்து பேரன் எடுத்திருப்பார். அந்தத் தம்பி மட்டும் வருடா வருடம் இருநூறு நோட்டுகளில் கூண்டேறி, அண்ணன் வெட்டுப்பட்டதைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருக்கிறார். ஒரு வருடம் எவனோ அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு வந்த நோட்டுகளில் அரிவாளைக் கைப்பற்றிய மகஜரே கிடையாது. ஆனாலும் ஆயுள் தண்டனை!

சிரிக்காதே. அந்த நோட்டில் மேற்பார்வை வழக்கறிஞர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவன் நான்.

இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். ஐந்து வருடப் படிப்புக்காரர் மொத்தம் இருபது வாரம், மூன்று வருடப் படிப்புக்காரர் பன்னிரண்டு வாரம் ஒரு வக்கீலிடமோ கோர்ட்டிலோ அதுபோன்ற ஓர் இடத்திலோ இருந்து டைரி எழுத வேண்டும். மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஆபீஸ் வாசலில் செருப்பு குவியும். பன்னிரண்டு வாரத்தையும் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு போவார்கள். "சார், ஏப்ரல் பதினாலுக்கும் ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒருவன் நீட்டினான். அம்பேத்கர் பிறந்தநாள், தமிழ்ப் புத்தாண்டு, கோர்ட் லீவு. அன்றைக்கு அவன் என்னோடு வந்து மூன்று வழக்கு கவனித்ததாக எழுதியிருந்தான். அரசியல் சட்டம் எழுதியவரின் பிறந்தநாளில் பொய் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவன் வீட்டில் கஷ்டம், பாவம், வருடம் வீணாகக் கூடாது என்று எனக்கு நானே வாதாடி எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இந்த ஊரில் எல்லாச் சீனியருக்கும் இதே வாதம், இதே தீர்ப்பு.

கோர்ட்டை ஒட்டியே கல்லூரி இருந்தால் இந்தப் பொய்க்கெல்லாம் என்ன அவசியம் என்று உனக்குத் தோன்றும். இருந்தது அம்மா. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே, அதே சிவப்புக் கட்டடக் கலையில் நின்றது. வகுப்பு அறுவையாக இருந்தால் பையன் எழுந்து, சுவரைத் தாண்டினாற்போல நடந்து, பெரிய வக்கீல்கள் வாதாடும் கோர்ட்டில் பின் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவான். கட் அடித்தால்கூடச் சட்டம் படிக்க வேண்டியிருந்த கல்லூரி உலகத்தில் எத்தனை இருந்திருக்கும்?

2008 நவம்பர் 12-ஆம் தேதி அந்த வளாகத்தில் சாதி மோதல். மாணவனை மாணவன் கட்டையால் அடித்ததை டி.வி.யில் தமிழ்நாடே பார்த்தது. கேமராக்காரர்கள் வேலையைச் செய்தார்கள். போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், அறிக்கை வந்தது, நடவடிக்கையும் வந்தது. பார்த்துக்கொண்டு நின்ற காவல் நிலையத்தை யாரும் இடம் மாற்றவில்லை. 2018-இல் கல்லூரியை இரண்டாக வகுந்து, ஒரு பாதியைத் திருவள்ளூருக்கும் அப்பால் பட்டறைப்பெரும்புதூருக்கும், இன்னொரு பாதியைக் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். போகமாட்டோம் என்று மறியல் செய்த பிள்ளைகளைப் போலீஸ் தூக்கி வேனில் ஏற்றியது. இந்தத் தடவை நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாதியை வளாகத்தை விட்டு வெளியேற்றச் சொன்னால், வளாகத்தையே ஊரை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். புதுக் கட்டடம், பெரிய மைதானம், சுத்தமான காற்று, எல்லாம் உண்டு. கோர்ட் மட்டும் இல்லை.

இவ்வளவு பாடுபட முடியாது என்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநிலங்களுக்குப் போனால் சில கல்லூரிகளில் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம், வருகைப் பதிவேடு உனக்காகத் தானே வகுப்புக்குப் போய்க்கொள்ளும். லெட்டர் பேடு காலேஜ் என்று எங்கள் வட்டாரத்தில் பெயர். லெட்டர் பேடு உண்டு, முத்திரை உண்டு, காலேஜைத்தான் தேட வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். கிருபாகரன் பெஞ்சில் உட்கார்ந்து இவற்றைக் கண்டித்துக்கொண்டே இருந்தார், ஓய்வும் பெற்றுவிட்டார். ரியல் எஸ்டேட் புரோக்கர், கட்டப்பஞ்சாயத்துப் பிரமுகர், வேலையில் இருக்கும்போதே வக்கீலாகிவிட்டவர், ஜெயிலில் இருந்த நாளிலும் வகுப்புக்கு வந்தவர் என்று பலவகைப் பேர் அந்தப் பட்டத்தோடு வந்து எங்களோடு நிற்கிறார்கள். கோட்டு எல்லோருக்கும் ஒரே கறுப்பு. புதுக் கல்லூரிகளுக்கு அனுமதியில்லை என்று பார் கவுன்சில் 2019-இல் மூன்று வருடத்துக்குப் பூட்டுப் போட்டது. 2025-இல் மறுபடி மூன்று வருடத்துக்கு இன்னொரு பூட்டு. அனுமதி கொடுத்த கையும் பூட்டுப் போட்ட கையும் ஒரே தோளில்தான் தொங்குகின்றன.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ தமிழ் மீடியம். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழில் வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். தமிழையும் அங்கே மொழியாக்குங்கள் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, தில்லி போன அது அங்கேயே தங்கிவிட்டது. சரி, ஆங்கிலம் படித்துக்கொள்வோம் என்று முக்கி முனகித் தயாரானால், 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயர் இந்தி. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம். எங்கள் பெஞ்ச் கிளார்க் முதல் மாதம் மூன்று தடவை முயன்றுவிட்டு, "அதாங்க ஐயா, அந்தப் புது ஐ.பி.சி." என்று முடித்துக்கொண்டார். 511 பிரிவு இருந்த ஐ.பி.சி. 358 ஆகச் சுருங்கியது. பாட்டி காலத்திலிருந்து ஏமாற்றுக்காரனைத் திட்டப் பயன்பட்ட நானூற்றி இருபது, இப்போது 318-இன் நாலாவது உட்பிரிவு. வாயில் வைத்துத் திட்டிப் பார், திட்டு வருகிறதா? கொலை 302-லிருந்து 103-க்கு வீடு மாறிவிட்டது. ஆனால் 2024 ஜூன் வரை நடந்த குற்றத்துக்கெல்லாம் பழைய சட்டமே. ஆக இரண்டையும் நீ படிக்க வேண்டும். உன் நூலகத்தில் ஒன்றுதான் இருக்கும், எது என்று உனக்கே தெரியும்.

எல்லாம் முடிந்து பட்டம் வாங்கியபின் பார் கவுன்சிலில் பதிவு. இதைக் கொஞ்சம் மெதுவாகப் படி, அண்ணாச்சிக்கும் படித்துக் காட்டு, வியாபாரிக்குப் பிடிக்கும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய் என்று வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே அச்சிட்டிருக்கிறது. மாநில பார் கவுன்சில்கள் நூலக நிதி, கட்டட நிதி, அடையாள அட்டை, சரிபார்ப்பு என்று சேர்த்துச் சேர்த்துப் பத்தாயிரம், இருபதாயிரம், ஒடிசாவில் நாற்பதாயிரத்துக்கும் மேல் வாங்கின. சட்டத்தைக் காப்பாற்றப் புறப்படும் பிள்ளையிடம், வாசலிலேயே சட்டத்தை மீறி வசூல். வசூலித்தவர்கள் எல்லோரும் வக்கீல்கள், கொடுத்தவர்களும் வக்கீல்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், இதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. அண்ணாச்சி, உங்கள் கடையில் இனிமேல் எடை சரியாக இருக்க வேண்டும். இதுவரை குறைத்து நிறுத்தது உங்களுக்கே.

பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு. 2011-இல் இருந்து நடக்கிறது. நூறு கேள்வி, கொள்குறி வகை. பேர் ஆக்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். பொதுப் பிரிவினர் தேற 45. ஐந்து வருடம் படித்தவரைப் பார்த்துப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எழுதினால் போதும் என்று சொல்லும் இந்தத் தேர்வில் பல பேர் தோற்கிறார்கள் என்றால், தோற்றது யார்? பேர் ஆக்டை முதல் தடவையாக அன்றுதான் திறக்கிறார்கள். பொருளடக்கம் எங்கே இருக்கிறதென்று தேடவே அரைமணி நேரம்.

நீதிபதியாகலாமே என்று உன் அம்மாவுக்கு ஓர் ஆசை இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கும் மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கோர்ட்டைத் தெரியாதவர் நேராக மேடையேறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அதே ஆள் கீழே நின்று ஒருவனின் உயிருக்கு வாதாடினால் மட்டும் பாதகமில்லை. அந்த மூன்று வருடம் சாப்பாட்டுக்கு? ஜூனியர்களுக்கு மாதம் இருபதாயிரம், சின்ன ஊரில் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான் என் ஜூனியருக்கு ஐயாயிரம் கொடுக்கிறேன். அந்த உத்தரவைப் படித்த அன்று இரவும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கிய அதே 1891-இல்தான் லண்டனில் காந்தி பாரிஸ்டரானார். அங்கே வருகைப் பதிவு என்பது விருந்து. ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை விருந்துக்கு வந்து உட்கார்ந்தான் என்று கணக்கு வைத்தார்கள். சைவக்காரருக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும். பரீட்சையையும் தேறி பம்பாய் வந்து, ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வி வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, வாங்கிய முப்பது ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டம் படித்தோம், தொழில் படிக்கவில்லை என்று அவரே பிறகு எழுதினார். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நம் கல்லூரிகளில் விருந்து இல்லை. ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் போய்விட்டது.

இதுவரை எழுதி நோட்டை மூடிவைத்த வாரத்தில்தான் அது நடந்தது.

எங்களிடம் ஒரு திருட்டு வழக்கு. கிணற்று மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவியதாகக் குற்றச்சாட்டு. ஆள் கிளைச் சிறையில். பழைய வழக்கு ஒன்று இருந்ததால் ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி. இப்படிப்பட்ட வழக்கில் அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், அறுபத்தோராவது நாள் ஜாமீன் தானாக வரும் உரிமை. பழைய சட்டத்தில் 167, புதுச் சட்டத்தில் 187. ஒரே நிபந்தனை: போலீஸ் முந்துவதற்குள் நாம் மனுவைப் போட்டுவிட வேண்டும். அன்று காலை பத்தரைக்குப் போட்டால் ஆள் வெளியே, சாயங்காலம் வரை அசந்தால் உள்ளே.

எங்கள் ஆபீஸில் நாள் எண்ணுவது குமாஸ்தா. எட்டாவது வரை படித்தவர். மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஒரு வாரம் சங்கரன்கோவில் போயிருந்தார். நான் மதுரை பெஞ்சில். ஜூனியர் முதல் வகுப்பில் தேறிய பையன். இதே பிரிவைப் பற்றிப் பரீட்சையில் ஆறு பக்கம் எழுதியவன், தீர்ப்புகளின் பெயரோடு. ஆனால் ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவன் படித்த கெஸ்ஸில் இல்லை. திங்கட்கிழமை ரிமாண்ட். அவன் செவ்வாயிலிருந்து எண்ணினான். அவன் கணக்கில் அறுபது முடிவது வெள்ளி, மறுநாள் சனி, கோர்ட் லீவு, ஆகத் திங்கட்கிழமை மனு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏட்டு ஒருவர் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை நானே நின்று வாதாடினேன். வாதாட என்ன இருக்கிறது? தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் அந்த ஆளின் மனைவி நின்றுகொண்டிருந்தார். பீடி சுற்றுகிறவர். கட்டுக்கு இருபத்தைந்து, நாளைக்கு ஆயிரம். ஒரு கட்டில் ஒன்று குறைந்தாலும் கடையில் கழித்துக்கொள்வார்கள். என்ன நடந்ததென்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பிரிவு எண்ணோடு சொன்னேன். கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அறுபது எண்ணுறதுக்கு எத்தன வருசம் சார் படிக்கணும்?"

மறுநாள் குமாஸ்தா வந்தார். சுவரில் தினசரி காலண்டர் அவர் போன தேதியிலேயே நின்றிருந்தது. ஒரு வாரமாக அதை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டே வந்தவர் வெள்ளிக்கிழமைத் தாளில் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். தேதிக்குப் பக்கத்தில், ராகுகாலத்துக்கு மேலே, அந்த ஆளை ரிமாண்ட் செய்த அன்றைக்கே அவர் பென்சிலால் 61 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.